தவணையும் கையிருப்பும்

கடன் எவ்வளவு என்று கேட்பார் பலர். அதை எப்பொழுது திருப்பித் தரவேண்டும் என்று கேட்பார் சிலரே. இந்த இரண்டாவது கேள்வியின் அருமையை இரு தேசங்கள் பட்டறிந்தன.

1991 மார்ச் இறுதியில் இந்தியாவின் குறுகிய காலக் கடன் ஏறக்குறைய 850 கோடி டாலர். தங்கம் உட்பட அந்நியச் செலாவணிக் கையிருப்போ 580 கோடியே. வளைகுடா நெருக்கடியால் எண்ணெய்ச் செலவு ஏறிற்று. அந்நிய பாங்குகள் கடனைப் புதுப்பிக்கத் தயங்கின. ஜூலையில் 47 டன் தங்கம் அடகின்பொருட்டு இலண்டன் சென்றது.

தென் கொரியாவோ ஆலைகளும் ஏற்றுமதியும் மிகுந்த நாடு. ஆயினும் 1997 ஜூனில் அந்நிய பாங்குகளுக்கு அது ஓராண்டிற்குள் தரவேண்டியது 7,000 கோடி டாலர்; கையிருப்பு 3,400 கோடி. குறுகிய தவணையில் வாங்கிய பணம் நெடுங்காலத் தொழில்களில் முடங்கிக் கிடந்தது. நம்பிக்கை குலைந்ததும் பாங்குகள் பணத்தைத் திரும்பக் கேட்டன. மறு ஆண்டு ஏறத்தாழ 35 இலட்சம் மக்கள் தம் நகைகளைக் கொணர்ந்து தந்தனர். கடனில் ஒரு பகுதியை மூன்றாண்டு வரை நீட்டிக்க பாங்குகள் இசைந்த பின்னரே நெருக்கடி தணிந்தது.

கையிருப்பு 100 என்றால் கடன் இந்தியாவில் 146, கொரியாவில் 206. செல்வ நாடாயினும் தவணை தப்பவிடாது.

ஜேடர்பாளையத்தில் பயிர்க்கடனைக் கொண்டு கிணற்றை ஆழப்படுத்துவோரும், நூலுக்கான பணத்தில் தறிக்கூடம் கட்டுவோரும் இப்பிழையையே செய்கின்றனர். கிணறு பல ஆண்டுகளில் பலன் தரும். கடனோ அறுவடையன்றே வாயிலில் நிற்கும். தவணை தவறின் வட்டிச் சலுகை போய்விடும். ஆதலின், அங்கத்தினர்களே, பயிருக்குப் பயிர்க்கடன், கிணற்றுக்கு நீண்ட காலக் கடன் என்று பிரித்துக் கேளுங்கள்.