‘கலா’ ஆல்பமும் நம்ம ஊர் உறுமியும்

இன்னைக்கு எம்.ஐ.ஏ.வோட ‘கலா’. லண்டன்ல பிறந்து, சின்ன வயசை யாழ்ப்பாணத்துல கழிச்ச ஈழத்தமிழ்ப் பொண்ணு. 2007ல வந்த இந்த ரெண்டாவது ஆல்பத்துக்கு அம்மா பேரை வெச்சாங்க. அமெரிக்க விசா சிக்கலானதால நாடு நாடா அலைஞ்சு ரெக்கார்ட் பண்ணாங்க. அதுல நம்ம சென்னையும் ஒண்ணு.

‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை அந்த வருஷத்தோட சிறந்த ஆல்பமா இதைத்தான் தேர்ந்தெடுத்தது. ஆனா முதல் ஆல்பம் ‘அருளர்’ மாதிரி சட்டுனு ஒட்டலை, கரடுமுரடா இருக்குன்னு சொன்னவங்களும் உண்டு.

எனக்கு அங்கதான் இடிக்குது. ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டைப் போடுங்க. அதுல ஓடுறது உறுமி. மேலூர், உசிலம்பட்டி பக்கம் திருவிழா பாத்தவங்களுக்கு விளக்கவே வேணாம். ஒரு பக்கத் தோலை வளைஞ்ச குச்சியால உரசுவாங்க, மறுபக்கத்தை அடிப்பாங்க. உரசும்போது சத்தம் வழுக்கிக்கிட்டு ஏறி இறங்கும். கிளப்ல சிந்தசைசர் பேஸ் செய்யற வேலையும் கிட்டத்தட்ட இதுதான். சாமி இறங்குறது அந்த உறுமல்லதான். பழகாத காதுக்கு அது கரடுமுரடுதான், தப்பு சொல்ல முடியாது.

பழகின நம்ம காது மட்டும் என்ன பண்ணுச்சு? கல்யாணத்துக்கு டிஜே, உறுமின்னா ‘சாவு மேளம்’. அடிக்கிறவங்க சாதியைப் பாத்து ஒதுக்குறதும் அதுக்குள்ள இருக்கு. காலேஜ் படிக்கிறப்போ நானும் அப்படித்தான் கிண்டலடிச்சேன். அப்புறம் ஹெட்ஃபோன்ல ‘பேர்ட் ஃப்ளூ’ கேட்டு, ‘செம பீட்டுடா’ன்னு ரூம்மேட்கிட்ட சொன்னதும் நான்தான். அவன் மேலூர்க்காரன். சிரிச்சான், ஒண்ணும் சொல்லலை.