பெயரை அல்ல, பிரிவைப் பாருங்கள்

ஹொங்கொங்கில் இரத்தினக்கல் வியாபாரம் செய்யும் பேருவளை நண்பர் ஒருவர், நான்கு வயது மகனை அங்குள்ள ஜேர்மன் பாடசாலையில் சேர்க்கலாமா என்று கேட்டார். "எந்தப் பிரிவில்?" என்றேன். அவர் அதை யோசித்திருக்கவில்லை.

1969இல் தொடங்கிய ஜேர்மன் சுவிஸ் சர்வதேசப் பாடசாலையில் இரு பிரிவுகள். ஜேர்மன் பிரிவின் முடிவில் 'அபிட்டூர்' பரீட்சை. ஆங்கிலப் பிரிவிலோ ஜேர்மன் ஒரு பாடம் மட்டுமே. பாடசாலை ஒன்று, கிடைக்கும் சான்றிதழ் வேறு.

அபிட்டூர் சித்தியடைந்தவர் ஜேர்மனியின் பல்கலைக்கழகங்களுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். அங்கு பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்கள் முதற் பட்டத்துக்குக் கற்பித்தல் கட்டணம் அறவிடுவதில்லை. ஆகவே முதல் வருடக் கட்டணத்தை மட்டும் பார்த்து மலைக்காமல், பட்டம் வரை கூட்டிக் கணக்குப் பாருங்கள்.

ஆனால், ஜேர்மன் பிரிவில் பாடங்களே அம்மொழியில்தான். பாலர் வகுப்பில் சேரும் பிள்ளை பழகிக்கொள்ளும். பத்து வயதில் சேர்ப்பது சிரமம். வியாபாரம் இடம் மாறினால், சிங்கப்பூரிலும் டுபாயிலும் ஜேர்மன் பாடசாலைகள் உண்டு. கொழும்புக்குத் திரும்பும் எண்ணமிருந்தால் ஆங்கிலப் பிரிவே பொருந்தும்.

ஒரு கல்லை வாங்குமுன் வெளிச்சத்தில் எத்தனை முறை திருப்பிப் பார்க்கிறோம்! பிள்ளையின் பன்னிரண்டு வருடங்களுக்கு அந்தக் கவனம் வேண்டாமா?