ஏற்றுவதா, விரிப்பதா?

சென்ற சுதந்திர தினத்தன்று நம் சங்க வாசலில் கொடியை மடித்து, உள்ளே பூ வைத்து, கம்பத்தின் உச்சியிலேயே கட்டிவிட்டேன். "தம்பி, இது ஜனவரி 26-க்கான முறை!" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். வெட்கமாகப் போய்விட்டது.

ஆகஸ்ட் 15-ல் தில்லி செங்கோட்டையில் பிரதமர் கொடியைக் கீழிருந்து மேலே ஏற்றுகிறார்; அடிமைப்பட்ட நாடு எழுந்ததன் அடையாளம் அது. குடியரசு தினத்தில், உச்சியில் கட்டிய கொடியைக் குடியரசுத் தலைவர் விரிக்கிறார்.

மாநிலங்களில் சுதந்திர தினக் கொடியை ஆளுநர்களே ஏற்றிவந்தனர். முதல்வர்களுக்கு அவ்வுரிமை கிடைத்தது 1974-ல். கேட்டுப் பெற்றவர் கலைஞர் கருணாநிதி.

இவ்வாண்டு கயிற்றை நம் குழந்தைகளிடம் கொடுப்போம். கொடி ஏறுவதை அவர்கள் கண்ணாரக் காணட்டும்.