டொக்டரிடம் கதைக்க வேண்டியது நோயாளிதான்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டில் ஒருவருக்கு மனம் குழம்பினால், அங்கொட மனநல ஆஸ்பத்திரியின் பேர் வெளியே போய்விடுமே என்ற பயத்திலேயே மாதங்கள் ஓடிவிடும். தங்கச்சியின் கலியாணப் பேச்சு முடியட்டும் என்பார்கள். அந்த மாதங்களில் நோய் முற்றுகிறது. முதலில் அங்கொடவுக்குத்தான் போகவேண்டும் என்றும் இல்லை. வெள்ளவத்தைக்காரருக்குக் களுபோவில ஆஸ்பத்திரி கிட்ட. கொட்டாஞ்சேனையில் இருப்பவர் தேசிய வைத்தியசாலைக்குப் போகலாம். இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு, சிகிச்சை இலவசம்.

போவதற்கு முதல்நாள் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நித்திரை எப்போது குறைந்தது, சாப்பாடு எப்படி, ஏற்கெனவே குடிக்கும் குளிசைகள் என்ன, நாட்டு மருந்து ஏதும் உண்டா. "விசர்க்கதை கதைக்கிறார்" என்ற எழுத்தால் டொக்டருக்குப் பயனில்லை. "பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றிக் கதைப்பது கேட்கிறதாம், இரவு 2 மணிக்கு எழும்பிச் சுவரைத் தட்டுகிறார்" என்று எழுதினால் பயன் உண்டு. அடையாள அட்டையோடு காலையிலேயே ஓபிடிக்குப் போய், மனநலக் கிளினிக்குக்கு அனுப்பும்படி கேளுங்கள்.

அடுத்தது மொழி. பெரும்பாலான தமிழ்க் குடும்பங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். டொக்டர் சிங்களத்தில் கேட்கிறார். அம்மா தமிழில் நீளமாகச் சொல்கிறார். மகன் "நித்திரை இல்லையாம்" என்று முடித்துவிடுகிறான். இடையில் அம்மா சொன்ன "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்ற வரி டொக்டரின் காதுக்குப் போகவே இல்லை. சிகிச்சையையே மாற்றக்கூடிய வரி அது.

ஆகவே கிளினிக்கில் பதியும்போதே, தமிழ் தெரிந்த டொக்டரோ தாதியோ இருக்கிறாரா என்று கேளுங்கள். கொழும்பிலும் அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. கூச்சப்பட வேண்டாம். யாரும் கிடைக்காமல் நீங்களே மொழிபெயர்க்க நேர்ந்தால், ஒவ்வொரு வசனமாக, கூட்டாமல் குறைக்காமல், அவர் சொன்னபடியே சொல்லுங்கள். வீட்டார் முன்னால் சொல்ல முடியாதவை எல்லோருக்கும் உண்டு. கொஞ்ச நேரம் நோயாளியோடு தனியாகக் கதைக்கும்படி நீங்களே டொக்டரிடம் கேட்டுவிட்டு வெளியே வந்து நில்லுங்கள். என்னைக் கேட்டால், பராமரிப்பவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான்.

டொக்டரின் முன்னாலிருந்து எழும்புமுன், நோய்க்கு என்ன பேர், குளிசை எதற்கு, என்ன பக்கவிளைவு, எவ்வளவு காலம் என்று கேட்டுக் கிளினிக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். லித்தியம் குளிசை தந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அதன் அளவு பார்க்கும் இரத்தத்தைக் கடைசிக் குளிசை குடித்து 12 மணித்தியாலம் கழித்தே எடுப்பார்கள். அன்று காலைக் குளிசையை இரத்தம் கொடுத்த பிறகுதான் குடிக்கவேண்டும். வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால் உடம்பில் லித்தியம் ஏறிவிடும், உடனே டொக்டரிடம் சொல்லவேண்டும். மூட்டுவலிக்கு என்று டொக்டரைக் கேட்காமல் பாமசியில் வாங்கும் சில குளிசைகளும் அதையே செய்யும்.

வார்டில் சேர்க்கச் சொன்னால், அவர் தன் விருப்பத்தில் சேருகிறாரா, வேறு முறையிலா என்று கேளுங்கள். இந்த விடயத்தில் அடிப்படைச் சட்டம் 1873இல் எழுதியது. நோயாளி உரிமை என்ற பேச்சே இல்லாத காலம். சிங்களப் படிவத்தில் விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். வாசித்துச் சொல்லும்வரை பேனையை எடுக்க வேண்டாம்.

குறை இருந்தால் ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுத்து, பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். தகவல் வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் எடுக்கவேண்டும். உரிமை மீறலென்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996ஐ அழையுங்கள்.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காதீர்கள். அங்கொடவிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசி இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது. அம்புலன்ஸுக்கு 1990. தற்கொலை முயற்சி 1998இலிருந்து இலங்கையில் குற்றமில்லை. பொலிசுக்குப் பயந்து மறைக்காமல், குடித்த குளிசையின் வெற்று அட்டையையும் எடுத்துக்கொண்டு நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.