கசட்டின் சாம்பலில் மணிச்சத்து

பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி 2015-ஆம் ஆண்டில் நுரைத்துப் பொங்கிச் சாலை வரை பரவியது. சுத்தி செய்யப்படாத கழிவுநீரும், அதில் கலந்த சலவைப் பொருள்களுமே அந்நுரைக்கு முக்கிய காரணங்கள். அதே நீரில் பாஸ்பரமும் கரைந்து வருகிறது. ஏரியில் ஆகாயத்தாமரை செழிப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

மனிதர் ஒருவர் நாள்தோறும் ஒரு கிராமுக்குக் குறையாத பாஸ்பரத்தைக் கழிவாக வெளியேற்றுகிறார் எனக் கொள்வோம். ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் அந்நகரில் இது நாளொன்றுக்குப் பத்து டன் ஆகும். உரக் கணக்கில் ஏறத்தாழ 23 டன் மணிச்சத்து. 16 சதவீத மணிச்சத்துடைய சூபர் பாஸ்பேட்டாகக் கணக்கிட்டால் 140 டன்னுக்கு மேல் வரும். இராஜஸ்தானத்து ஜாமர்கோட்ராவில் பாறைப் பாஸ்பேட் சுரங்கம் இருந்தும், நம் தேவையின் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்தே வருகிறது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

கசட்டின் பயனை ஆராய்வது பெங்களூருக்குப் புதிதன்று. 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்போர் வெளியிட்ட, காற்றூட்டிய கசட்டால் கழிவுநீரைச் சுத்தி செய்யும் முறைக்குத் தூண்டுகோலாயிருந்தவர் கில்பர்ட் பௌலர். அவரே 1916-இல் இந்திய விஞ்ஞானக் கழகத்திற்குப் பேராசிரியராக வந்தார். அவர் கருத்து பெரிதும் தழைச்சத்தைக் காப்பதிலேயே ஊன்றியிருந்தது.

இன்று ஐரோப்பாவில் கையாளப்படும் முறை நேர்மாறானது. நீர் வடிந்த கசட்டை ஏறத்தாழ 850 டிகிரி வெப்பத்தில் தனியே எரிக்கின்றனர். தழைச்சத்து வாயுவாகிவிடுகிறது, புழு முட்டைகளும் நோய்க் கிருமிகளும் அழிகின்றன. பாஸ்பரம் மட்டும் ஏன் ஆவியாகவில்லை என்று மாணவர் கேட்கக்கூடும். கசட்டில் அது ஏற்கெனவே ஆக்ஸிஜனுடன் கூடிய பாஸ்பேட்டாகச் சுண்ணம், இரும்பு, அலுமினியம் ஆகியவற்றோடு பிணைந்துள்ளது. 1669-இல் ஹாம்பர்க்கில் பிராண்ட் என்பவர் சிறுநீரின் எச்சத்தை மிகக் கடுமையாகச் சூடேற்றிய போது, அதிலிருந்த கரி ஆக்ஸிஜனைப் பறித்ததாலேயே பாஸ்பரம் ஆவியாக வெளிப்பட்டது. உலையிலோ கரி எரிந்தொழிகிறது. ஆகவே சாம்பலில் 5 முதல் 10 சதவீதம் பாஸ்பரம் தங்குகிறது.

எனினும் ஈயம், செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்களும் சாம்பலிலேயே திரளும். பாஸ்பேட்டும் எளிதில் கரையாது. சோடிய உப்பைச் சேர்த்து 900 முதல் 1000 டிகிரி வரை மீண்டும் சூடாக்கினால், வேரில் சுரக்கும் அமிலத்தில் கரையும் பாஸ்பேட் கிடைக்கும். காட்மியம், ஈயம் போன்றவற்றில் ஒரு பகுதி ஆவியாக நீங்கும். குளோரைடு உப்பைச் சேர்க்கும் முறையில் செம்பும் துத்தநாகமும் கூடப் பெருமளவு வெளியேறும். ஜெர்மனியில் 2017-ஆம் ஆண்டு விதி, பெரிய நிலையங்கள் 2029 முதல் பாஸ்பரத்தை மீட்க வேண்டுமெனக் கூறுகிறது.

பெங்களூருக்கு இம்முறை எங்கும் பொருந்துமென்று கூறுவதற்கில்லை. வடிகட்டிய கசட்டிலும் ஐந்தில் நான்கு பங்கு நீர். அதை உலர்த்தவே எரிபொருள் செலவாகும். வெயிலில் உலர்த்தினால் செலவு குறையும், இடம் மிகுதியாக வேண்டும். குடியிருப்புகளின் கசட்டை மக்கவைத்து இடுவதே மேல். அங்குள்ள செம்மண்ணுக்குக் கரிமப் பொருளும் தேவை. பீனியாவின் தொழிற்கழிவு கலக்கும் விருஷபாவதிப் பள்ளத்தாக்கின் நிலை வேறு. அந்நீர் பைரமங்கலம் ஏரியை அடைந்து வயல்களுக்குப் பாய்கிறது. உலோகம் கலந்த அத்தகைய கசட்டுக்கே உலை ஏற்றது.

செம்மண்ணிலுள்ள இரும்பு பாஸ்பேட்டை இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஆதலால் பதப்படுத்திய சாம்பலுரம் கிடைக்குமிடத்தும், அதை மேலுரமாகத் தூவாமல், விதைப்புக்கு முன் வேர் எட்டும் ஆழத்தில் அடியுரமாக இடுமாறு கள அலுவலர்கள் கூறுதல் வேண்டும்.