கூட்டுப் பக்கம் போகாதீங்க!

நானும், பிளஸ் 1 படிக்கும் என் மகளும், லீவு நாளில் பறவைகளைப் படம் பிடிப்போம். போன வருஷம், கொல்லையில் எலுமிச்சை செடியில், கொண்டைக்குருவி கூடு கட்டி, மூன்று முட்டை இட்டிருந்தது. 'படம் தெளிவா விழணும்மா...' என்று, மறைத்த கிளையை ஒதுக்கிக் கட்டினாள் மகள், நானும் தடுக்கலை. குருவி பதறிப் பறந்தது. கொஞ்ச நேரத்தில், காக்கா வந்து முட்டைகளைக் கொத்திப் போனது. இரண்டு நாள் எங்களுக்கு சோறு இறங்கலை.

பின், நாங்குநேரி பக்கத்து கூந்தன்குளம் போனோம். பறவைகள் மிரளக் கூடாதென, தீபாவளிக்கும் வெடி போடாத ஊர் அது. தள்ளி நின்றே எடுத்தோம். கூழைக்கடா சின்னதாகத் தான் தெரிகிறது. ஆனால், மனசு நிம்மதியாக இருக்கிறது.

தோழியரே... பறவையைப் படம் எடுங்க, கூட்டை விட்டுடுங்க!

- ஒரு வாசகி, நெல்லை.