தேயிலை மண்ணில் வசந்த மலர்கள்

மேனாட்டுத் தோட்டக்கலை நூல்களில் வசந்தத்திற் பூத்துக் குலுங்கும் 'ஹீத்' செடிகளின் படங்களைக் கண்டு, அவற்றைத் தம் முற்றத்தில் வளர்க்க விழைவோர் மலைநாட்டில் உண்டு. அவற்றுட் பெயர்பெற்றது ஆல்ப்சு மலைக்குரிய 'எரிக்கா கார்னியா'. உறைபனிக்குப் பழகிய அச்செடிக்கு, ஏறத்தாழ 2,400 அடி உயரத்திலுள்ள ஹாலிஎலயின் வெம்மை ஒவ்வாது.

ஆயினும் அச்செடியின் உறவினங்கள் நம் நாட்டிலேயே உள்ளன. 7,000 அடி உயரத்து ஹோட்டன் சமவெளியில் செந்நிறப் பூங்கொத்துகளைத் தாங்கி நிற்கும் ரோடோடென்ட்ரன் மரம் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. 1988ஆம் ஆண்டு முதல் அச்சமவெளி தேசியப் பூங்காவாகும். அங்கிருந்து நாற்றுகளைப் பிடுங்கி வருதல் சட்டத்திற்கு முரணானது. உயரம் குறைந்த இடத்தில் அவை தழைப்பதும் அரிது.

ஹாலிஎலத் தோட்டங்களுக்கு ஏற்றது, ரோடோடென்ட்ரன் இனத்துக் குறுஞ்செடியான அசேலியா. இதற்குச் சான்று கூறுவது தேயிலையே. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தின. எனினும், பிஎச் அளவு 4.5 முதல் 5.5 வரையுள்ள புளிப்பு மண்ணையே இரண்டும் விரும்புகின்றன. அசேலியாவின் வேர்கள் மயிரிழை போன்றவை. மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சணத்தின் துணைகொண்டே அவை உணவைப் பெறுகின்றன. சுண்ணாம்பு சேர்ந்த மண்ணில் இரும்புச்சத்து வேர்களுக்கு எட்டாது, இலைகள் மஞ்சளாகும். ஆகையால், எருவென்று எண்ணி அடுப்புச் சாம்பலை இச்செடிக்கு இடுதல் தகாது.

வகையைத் தெரிவதிலும் கருத்து வேண்டும். 'இந்திய அசேலியா' எனப்படுவது, பெயர் எவ்வாறாயினும், சீனநாட்டுச் செடியின் வழிவந்தது. அது மிதமான வெம்மையைப் பொறுக்கும். ஹாலிஎலக்கு அதுவே தகும். ஜப்பானியக் குருமே வகை, பண்டாரவளை போன்ற குளிர்ந்த இடங்களிற் சிறக்கும். அடுக்குப் பூக்கள் மழைநீரைத் தேக்கி விரைவில் அழுகுவதால், மழைமிக்க முற்றத்திற்கு ஒற்றைப்பூ வகையே நன்று.

ஊவாவில் ஐப்பசி மழை தொடங்கியதும் நடலாம். வேர்க்கட்டி மண்மட்டத்திற்குக் கீழே புதையாதபடி மேலோட்டமாக நட்டு, மக்கிய இலைகளைச் சுற்றிலும் பரப்புதல் வேண்டும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உகந்தவை. ஆனி முதல் ஆவணி வரை வீசும் வறண்ட கச்சான் காற்றில் வேர் காயாதபடி நீர் வார்த்தல் அவசியம். பூ முடிந்தவுடன் கிளைகளைக் கவ்வாத்துச் செய்யலாம். காலந்தாழ்த்தினால் அடுத்த பருவத்து மொட்டுகளும் வெட்டுண்டு போகும்.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. அசேலியாவின் இலையும் பூவும் நஞ்சுடையவை. சில இலைகளைத் தின்றாலும் ஆடு நோயுறும், சிலவேளை இறந்தும்விடும். லயங்களில் ஆடுமாடு வளர்ப்போர், அவை எட்டாத வேலிக்குள்ளேயே இச்செடியை நடுதல் வேண்டும். வெட்டிய கிளைகளையும் தீவனத்தோடு சேரவிடாது புதைத்துவிட வேண்டும்.